கேள்வி இல்லாத கட்டுரை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. மருத்துவர் சொன்ன நாள்வரை சொட்டு மருந்தை விடாமல் போடு. பாதியிலேயே நிறுத்திவிட்டு "எல்லாம் சரியாகிவிட்டது" என்று அறிவிப்பது உன் பழைய வழக்கம். நான் நலம். முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டாலே முரண்டு பிடிக்கிறது. மகனுக்கு வேலை மாற்றலாகிவிட்டது; பேரன் சத்தம் இல்லாத வீட்டில் எனக்குப் பொழுது போகவில்லை. அதனால்தான் மாணவர்களுக்கான ஒரு வரலாற்றுக் கட்டுரைப் போட்டிக்கு நடுவராக இருக்கச் சொன்னபோது உடனே தலையாட்டிவிட்டேன். இப்போது கட்டுக்கட்டாகத் தாள்கள் மேசையில் கிடக்கின்றன.

சரி, உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவள் அனுப்பிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். "தகவல்கள் சரி, படிக்கத்தான் முடியவில்லை" என்று ஆசிரியர் எழுதிக் கொடுத்ததில் அவள் மனம் உடைந்து போயிருக்கிறாள் என்கிறாய். ஆசிரியர் சொன்ன விதம் கடுமைதான், ஆனால் சொன்னது பொய்யில்லை. ஆண்டுகள் சரி, பெயர்கள் சரி, எழுத்துப் பிழைகூட இல்லை. இருந்தும் மூன்றாம் பக்கத்தில் என் கண் தானாக மூடிக்கொண்டது. இதில் அவளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். "வேலூர்ப் புரட்சியின் காரணங்களும் விளைவுகளும்" என்று தலைப்புக் கொடுத்தால் யார் எழுதினாலும் பட்டியல்தான் வரும். அவளும் ஆறு காரணம், ஐந்து விளைவு எழுதி, நடுவில் இரண்டு பத்தியில் புரட்சியை முடித்துவிட்டாள். அந்த ஆறில் எது பெரியது, எது இல்லாவிட்டாலும் புரட்சி நடந்திருக்கும் என்று ஒரு வார்த்தை இல்லை.

தலைப்பு இருக்கிறது, கேள்வி இல்லை. நான் இத்தனை வருஷம் திருத்திய கட்டுரைகளில் செத்துக் கிடந்தவை எல்லாவற்றுக்கும் இந்த ஒரு நோய்தான். மொழிநடை, மேற்கோள், அழகான தொடக்கம் எல்லாம் அப்புறம். எழுத உட்காரும்போது தனக்கே விடை தெரியாத ஒரு கேள்வி மாணவர் கையில் இருக்க வேண்டும். அது இருந்தால் சுமாரான நடையில் எழுதினாலும் படிக்கிறவன் கூடவே வருவான்.

அவள் எடுத்துக்கொண்ட வேலூரையே பார். 1805 நவம்பரில் கிழக்கிந்தியக் கும்பெனியின் சென்னைப் படைச் சிப்பாய்களுக்குப் புது மாதிரித் தலைப்பாகை வருகிறது. வட்டமாக, வெள்ளைக்காரர் தொப்பியை நினைவூட்டும்படி, தோலாலான ஒரு சின்னத்தோடு. நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது. மறுத்தவர்களில் இரண்டு பேரைக் கசையால் அடித்து வேலையை விட்டும் அனுப்புகிறார்கள். ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். 1806 ஜூலை 10, விடிவதற்கு முன்னால், வேலூர்க் கோட்டைக்குள் இருந்த வெள்ளைக்காரப் படை மீது சிப்பாய்கள் பாய்கிறார்கள். அதே கோட்டையில்தான் திப்பு சுல்தானின் பிள்ளைகளைக் கும்பெனி காவலில் வைத்திருந்தது. முந்தின நாள்தான் திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம்.

இதை எழுதிக்கொண்டு வரும்போதே ஒரு கேள்வி முளைக்கிறதா இல்லையா? இது தலைப்பாகைக்காக எழுந்த கோபமா, திப்புவின் குடும்பத்தை மீண்டும் அரியணையில் ஏற்றப் போட்ட திட்டமா? அன்றைக்கே இதில் இரண்டு கட்சி இருந்தது. விசாரணைக் குழு இரண்டையுமே காரணம் என்றது. ஆனால் எந்தக் காரணத்தைச் சொன்னால் யாருக்கு லாபம் என்று பார்க்கச் சொல் உன் மகளை. தலைப்பாகைதான் காரணம் என்றால் ஆணை போட்ட படைத்தளபதி ஜான் கிரடாக் மீதும், அதற்கு இடம் கொடுத்த ஆளுநர் வில்லியம் பென்டிங்க் மீதும் பழி விழும். சதிதான் காரணம் என்றால் பழி கைதிகள் தலையில் போய்விடும். கடைசியில் தளபதி, ஆளுநர் இரண்டு பேரையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள், திப்பு குடும்பத்தையும் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார்கள். அதாவது மேலிடமே எதையும் தீர்மானமாக நம்பவில்லை போலிருக்கிறது. உன் மகள் இதில் ஒரு பக்கம் எடுத்து வாதாடட்டும். நான் தலைப்பாகைப் பக்கம்தான் சாய்வேன், அவள் என்னோடு சண்டை போட்டால் இன்னும் சந்தோஷம். அவள் பட்டியலிட்ட அதே ஆறு காரணமும் அப்போது சாட்சிகளாக வந்து நிற்கும், ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பக்கத்துக்குப் பேசும்.

இன்னொன்று. "1857 பெரும் புரட்சிக்கு முன்னோடி" என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறாள். போட்டிக்கு வந்த தாள்களிலும் இதே பாட்டுத்தான். அந்தச் சிப்பாய்க்கு 1857 என்ற ஒன்று வரப்போவது எப்படித் தெரியும்? அவனுக்குத் தெரிந்தது அன்றைய இரவு மட்டும்தான். காலையில் ஆர்க்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்வான் என்பதே தெரியாது. தெரிந்திருந்தால் வாசலைக் காப்பதில் அத்தனை அசட்டையாக இருந்திருப்பார்களா? அரண்மனைக்குள் ஒதுங்கியிருந்த ஏறக்குறைய நூறு சிப்பாய்களைக் கில்லஸ்பியின் ஆட்கள் வெளியே இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். முடிவு தெரிந்தவர்களாக நாம் எழுதும்போது அந்தக் காலையில் இருந்த பதற்றமெல்லாம் வடிந்துவிடுகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியாத இடத்தில் வாசகனையும் நிறுத்தினால் போதும், விறுவிறுப்புக்கு வேறு சாமான் தேவையில்லை.

நுணுக்கமான செய்திகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் எனக்கு ருசி. போட்டித் தாள்களில் பாதிக்கு மேல் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றியது. எல்லோரும் "சோழர் காலத்திலேயே மக்களாட்சி சிறந்து விளங்கியது" என்று எழுதி மார்தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கல்வெட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தவர் சிலர்தான். ஊர்ச்சபைக் குழுக்களுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போடுகிறார்கள். குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறு பையன்தான் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். பிறகு பெயரை உரக்கப் படிக்க வேண்டும், அங்கே கூடியிருக்கிற நம்பிமார் (கோயில் பூசகர்கள்) எல்லோரும் அதையே திரும்பப் படிக்க வேண்டும்.

அந்த விரித்த ஐந்து விரலில் எத்தனை கதை இருக்கிறது பார்! கைக்குள் வேறு ஓலையை ஒளித்து வைத்திருந்து மாற்றியவன் ஒருவன் இருந்திருக்க வேண்டும், அல்லது இருப்பான் என்று பயந்திருக்க வேண்டும். ஏமாற்று நடக்காத இடத்தில் யாரும் இப்படி விதி போடமாட்டார்கள். 919இல் ஒரு முறை விதி எழுதினார்கள், 921இல் அதைத் திருத்தி இன்னும் விரிவாக வெட்டினார்கள். இரண்டே ஆண்டில் ஏன் மாற்ற வேண்டி வந்தது? கணக்குக் காட்டாமல் போன பழைய உறுப்பினருக்கும் அவர் உறவுக்காரர்களுக்கும் ஏன் இடமில்லை என்றார்கள்? சொந்த நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும் என்றால் குடத்துக்குப் பக்கத்திலேயே வர முடியாதவர்கள் யார் யார்? ஒரு பெண்பிள்ளை மட்டும் இந்தக் கடைசிக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறாள். வாக்கியங்கள் தடுமாறுகின்றன, கையெழுத்து கோழி கிளறியது போல. முதல் பரிசு அவளுக்குத்தான் கொடுக்கப்போகிறேன், மற்ற நடுவர்கள் என்ன சொன்னாலும் சரி.

பெரிய எண்களைப் பற்றியும் இதையே சொல்வேன். 1876–78 தென்னிந்தியப் பஞ்சத்தில் "இலட்சக்கணக்கானோர் மாண்டனர்" என்று எழுதினால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். பஞ்ச நிவாரணத்தைக் கவனித்த வெள்ளைக்கார அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் நிவாரண வேலை செய்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிர் தாங்காது என்று எதிர்த்து எழுதினார், பிறகு கூலியை உயர்த்த வேண்டி வந்தது. இந்தச் செய்தியை முதலில் வைத்துவிட்டு அப்புறம் இலட்சத்தைச் சொன்னால் இலட்சமும் உறைக்கும்.

ஆனால் ருசிகரமான செய்தி எல்லாம் சாட்சியாகிவிடாது. பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி, மக்கள் புரட்சியில் பாஸ்டில் சிறை விழுந்த 1789 ஜூலை 14 அன்று தன் குறிப்பேட்டில் "ஒன்றுமில்லை" என்று எழுதிவைத்தார். மன்னருக்கு நாட்டு நிலவரமே தெரியவில்லை என்று காட்ட இதை எத்தனையோ பேர் எடுத்தாள்கிறார்கள். அந்தக் குறிப்பேடு பெரும்பாலும் வேட்டைக் கணக்கு. அன்றைக்கு வேட்டையில் ஒன்றும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு ஆவணம் எதற்காக எழுதப்பட்டது என்று கேட்காமல் அதிலிருந்து ஒரு வரியை உருவினால் இப்படித்தான் ஆகும். மாணவர்களுக்கு ஆவணத்தைப் படிக்கக் கொடுக்கும்போது முதலில் இதைத்தான் சொல்லித்தர வேண்டும், நாம் கடைசியில் சொல்கிறோம், அல்லது சொல்வதே இல்லை.

நடையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கோபம் வருகிற அளவுக்குப் பார்க்கிறேன். "சட்டம் கொண்டுவரப்பட்டது, வரி விதிக்கப்பட்டது, மக்கள் ஒடுக்கப்பட்டனர்." யார் கொண்டுவந்தார்? யார் விதித்தார்? ஆளே இல்லாமல் எல்லாம் தானாக நடந்தது போல ஒரு கட்டுரை. உன் மகள் தாளில் "படுகிறது, பட்டது" வருகிற இடத்தையெல்லாம் அடிக்கோடிட்டிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செய்தவன் பெயரைப் போட முயலட்டும். பெயர் தெரியாவிட்டால் அங்கேதான் அவள் இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். "வீரமிகு", "மாபெரும்", "வரலாற்றுச் சிறப்புமிக்க" என்பவற்றை நானே வெட்டிவிட்டேன், வருத்தப்பட வேண்டாம் என்று சொல்.

தொடக்கத்தில் "மனித குல வரலாற்றில்" என்று ஆதாம் காலத்திலிருந்து வர வேண்டாம். முடிவில் "நாமும் அவர் வழி நடப்போம்" என்று மேடையேறவும் வேண்டாம். கேள்விக்குக் கிடைத்த விடையை, அது அரைகுறையானாலும், சொல்லிவிட்டு இறங்கிவிடலாம்.

நீ கேட்பாய், தேர்வில் இப்படி எழுதினால் மதிப்பெண் வருமா என்று. நியாயமான கேள்விதான். விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு வரிக்கு வரி மதிப்பெண் போடுகிற தேர்வில் பட்டியலையே எழுதட்டும், அங்கே வீம்பு வேண்டாம். ஆனால் வாரக்கணக்கில் நேரம் கொடுத்து எழுதச் சொல்கிற கட்டுரையில் அதே பட்டியலைக் கொடுப்பது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. அதைவிட மோசம், இணையத்திலிருந்து நாலு இடத்தில் எடுத்து ஒட்டுவது. அவள் அதைச் செய்யவில்லை, அதற்கே ஒரு சபாஷ்.

அவள் செய்ய வேண்டியது இதுதான். பழைய கட்டுரையைத் திருத்த வேண்டாம், ஓரமாக வைத்துவிடட்டும். வேலூரைப் பற்றித் தனக்கு உண்மையிலேயே புரியாத ஒரு விஷயத்தை ஒரே வாக்கியத்தில் கேள்வியாக எழுதி எனக்கு அனுப்பட்டும். அதில் "ஏன்" இருந்தால் நல்லது, "முக்கியத்துவம்" இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். கேள்வி சரியாக அமைந்தபின் எதையெல்லாம் படிக்கலாம் என்று நான் சொல்கிறேன். அடிக்கோடிட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்பு மை கொஞ்சம் அதிகம்தான். முதலில் நீ பார்த்துவிட்டு அவள் நல்ல மனநிலையில் இருக்கும்போது கொடு.

கண் தேறியதும் நீயே உன் கையால் பதில் எழுது, அதுவரை நீ சொல்லச் சொல்ல அவளை எழுதச் சொன்னாலும் போதும். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்