எல்லையோரக் குழந்தைகளுக்கும் கட்டில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வறுமையில் வாடும் குழந்தைகளுக்குக் கட்டில் செய்து கொடுக்கும் அமெரிக்கத் தொண்டு அமைப்பைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2012-இல் ஐடஹோ மாநிலத்தில் லூக் மிக்கெல்சன் என்பவர் தம் வீட்டிலேயே அடுக்குக் கட்டில் செய்து ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தார். அது இன்று ‘ஸ்லீப் இன் ஹெவன்லி பீஸ்’ என்ற பெயரில் பல ஊர்களில் கிளைவிட்டிருக்கிறது. மரமும் கருவிகளும் விற்கும் லோவ்ஸ் என்னும் பெரிய வணிக நிறுவனம் அதற்குத் துணை நிற்கிறது. நம் ஊரில் ஒரு குழந்தையும் தரையில் தூங்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கை.

படித்து முடித்ததும் எங்கள் பகுதிதான் மனதில் நின்றது. நான் ஊத்துக்கோட்டை வட்டத்தில் பல ஆண்டுகள் ஆசிரியையாகப் பணியாற்றியவள். ஆரணி ஆற்றைத் தாண்டினால் சில கல் தொலைவில் ஆந்திரம். இந்தப் பக்கம் இருளர் பழங்குடியினரின் குடியிருப்புகள், அந்தப் பக்கம் யானாதிப் பழங்குடியினரின் குடிசைகள். இரண்டு பக்கமும் செங்கல் சூளைகள், சவுக்குத் தோப்புகள், நெல் வயல்கள். இங்கே குழந்தைகள் படுப்பது மண் தரையில் விரித்த சாக்கிலும் பழஞ்சேலையிலும்தான்.

தரையில் பாய் விரித்துப் படுப்பது நம் வழக்கம்தானே, அதில் என்ன குறை என்று சிலர் கேட்கக்கூடும். நானும் பாயில் படுத்து வளர்ந்தவள்தான். ஆனால் சிமென்ட் பூசிய தரையும் தாழிட்ட கதவும் உள்ள வீட்டில் பாயில் படுப்பது வேறு. ஓலைத் தடுப்புக்கும் மண்ணுக்கும் இடையே கை நுழையும் அளவு இடைவெளியுள்ள குடிசையில் படுப்பது வேறு. அந்த இடைவெளி வழியாக எலி வருகிறது. எலியைத் தேடிக் கட்டுவிரியன் வருகிறது.

கட்டுவிரியனைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். அது இரவில் இரை தேடும் பாம்பு. தரையில் தூங்குகிறவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. கடித்த இடத்தில் வலி இராது, வீக்கமும் பெரிதாக இராது, பல் பட்ட தடம்கூடக் கண்ணில் படாமல் போகும். விடியற்காலையில் குழந்தை வயிறு வலிக்கிறது என்று அழும், வாந்தி எடுக்கும். இரவில் சாப்பிட்டது சேரவில்லை என்று தாய் ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பாள். இமைகள் சரியத் தொடங்கி, எச்சில் விழுங்க முடியாமல் போகும்போதுதான் சந்தேகமே வரும். அதற்குப் பிறகு விஷமுறிவு மருந்து மட்டும் போதாது, செயற்கைச் சுவாசக் கருவியும் வேண்டும். சூளையிலிருந்து அந்த வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் நேரம் குழந்தைக்குக் கிடைக்க வேண்டும்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அவர்களில் கால் பங்குக்கும் மேற்பட்டோர் 15 வயது நிரம்பாதவர்கள். தமிழக அரசு 2024-இல் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால் அது கடிபட்ட பின் நடப்பது. கடியைத் தவிர்க்க மருத்துவர்கள் சொல்லும் வழி எளியது: தரையை விட்டு உயரத்தில் படுக்க வேண்டும், கொசுவலையை மெத்தைக்கோ பாய்க்கோ அடியில் நன்றாகச் செருகிக்கொள்ள வேண்டும். நாட்டின் விஷமுறிவு மருந்துக்காகப் பாம்பு பிடித்து நஞ்சு எடுத்துக் கொடுப்பவர்கள் இருளர்கள். வடநெம்மேலியில் உள்ள அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கப்பட்டது. அதே சமூகத்துக் குழந்தைகள் மண் தரையில் படுத்துக் கடிபடுவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

ஆகவே கட்டில் கொடுக்க முன்வரும் வணிகர்கள் இங்கேயும் வேண்டும். அவர்கள் தொலைவில் இல்லை. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது, ஆந்திரத்தில் சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி, அந்தப் பிரிவின் வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாங்கள் தொழில் நடத்தும் பகுதிக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. எங்கள் கடைத்தெரு மெத்தைக் கடைக்காரர்களுக்கும் மரக்கடைக்காரர்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனாலும் ஆண்டுக்குப் பத்துக் கட்டில் அவர்களால் முடியாததல்ல.

எந்தக் கட்டில் என்பதையும் யோசித்துக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் அடுக்குக் கட்டில் அங்குள்ள வீட்டுக்குச் சரி. இங்குள்ள குடிசைக்குள் அது நுழையாது. பெட்டிக் கட்டில் கொடுத்தால் அதன் அடியிலேயே எலி குடியேறும். எங்களுக்கு ஏற்றது கயிற்றுக் கட்டில், அல்லது இரும்புக் குழாயில் நாடா பின்னிய மடக்குக் கட்டில். பகலில் சுவரில் சாய்த்துவிடலாம், புழுக்கமான இரவில் கொசுவலையோடு வெளியே தூக்கிப் போடலாம். மழைக்காலம் வந்து சூளை வேலை நின்று குடும்பம் வேறு ஊருக்குப் போகும்போது லாரியில் ஏற்றிக்கொண்டும் போகலாம். சவுக்கு இங்கேயே விளைகிறது. பின்னத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. பிளாஸ்டிக் சாமான் வந்தபின் அவர்களுக்கு வேலைதான் இல்லை. ஒவ்வொரு கட்டிலோடும் ஒரு கொசுவலை கட்டாயம் வேண்டும். கயிறு தொய்ந்தால் மறுபடி பின்னிக் கொடுக்க ஆண்டுக்கு ஒருமுறை ஆள் வர வேண்டும்.

இன்னும் ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன். கட்டில் குடும்பத்தின் கையில் சேர வேண்டும், சூளை முதலாளியின் கணக்கில் அல்ல. முன்பணம் வாங்கி வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு எது கொடுத்தாலும் அது கடன் பற்றில் ஏறிவிடுகிற அபாயம் உண்டு. பள்ளித் தலைமையாசிரியர், கிராம சுகாதாரச் செவிலியர் ஆகியோர் முன்னிலையில் கொடுப்பதே பாதுகாப்பு. அங்கே குழந்தைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கவும் வேண்டாம். தன் வீட்டு வறுமை ஊர் முழுக்க பிளெக்ஸில் தெரிவதை எட்டாம் வகுப்புப் பெண் எப்படித் தாங்குவாள்? கொடுத்தவர் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொள்ளட்டும், வாங்கியவர் முகம் வேண்டாம்.

அமெரிக்கச் செய்தியை வெளியிட்ட தாங்கள், இந்த எல்லையோரச் சூளைகளுக்கும் ஒரு செய்தியாளரை அனுப்ப வேண்டுகிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கி வளைகளில் தண்ணீர் புகுந்தால், பாம்புகள் மேடான இடம் தேடிக் குடிசைகளுக்குள் வரும். அதற்கு முன் கட்டுரை வந்துவிட்டால், உதவ மனமுள்ள வணிகர்களுக்கு இந்த ஆண்டே தொடங்க நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஊத்துக்கோட்டை வட்டம், திருவள்ளூர் மாவட்டம்.