கமக்காரர் அமைப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை (2023/24 பெரும்போகம், 2024 சிறுபோகம்)

தலைவர் அவர்களுக்கும் வருகை தந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு நிருவாகக் கூட்டம் ஆறு தடவை கூடியது. இரண்டு தடவை ஆள் போதாமல் தள்ளிவைத்தோம். வாய்க்கால் சிரமதானம் இரண்டு நாள் நடந்தது. உர மானியப் பட்டியலை உரிய நாளில் கமநல சேவை நிலையத்தில் கொடுத்தோம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு வழமைபோல் நெல் கொடுத்தோம்.

இனி வைக்கல் கொளுத்தும் விடயம். இந்தப் பகுதி நீண்டுவிட்டது என்று தலைவர் சொன்னார். சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

முன்பு வெட்டிய கதிரைச் சூடாகக் குவித்து அடித்த காலத்தில் வைக்கல் முழுவதும் களவெட்டியில், அதாவது சூடடிக்கும் களத்தில், ஓரிடத்தில் கிடக்கும். மாட்டுக்காரர் ஏற்றிக்கொண்டு போவார்கள். இப்போது வெட்டு மெசின் வயல் நீளத்துக்கும் வைக்கலை வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகிறது. உழும்போது கலப்பையில் சுற்றுகிறது, அள்ளக் கூலி கட்டாது. அதனால்தான் கொளுத்துகிறோம், எனக்கும் அது தெரியும். ஆனால் சிறுபோக வெட்டு முடியும் நாட்களில் கச்சான் என்னும் வரண்ட மேல்காற்று நிற்காமல் வீசும். ஒரு வயலில் வைத்த தீ அந்த வயலோடு நிற்பதில்லை.

சென்ற ஆண்டு ஆவணியில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். மத்தியானம் வைத்த தீ வரம்பு தாண்டி, பிந்தி விதைத்து இன்னும் வெட்டாமல் நின்ற நெல் வேளாண்மையில் பிடித்தது. தனியாக நின்று கமம் செய்யும் ஒரு அக்காவின் பயிர் அது. காவல் வாடிக் குடிசையும் தண்ணீர்க் குழாயும் சேர்ந்து எரிந்து போயின. தீயணைப்பு வண்டி மட்டக்களப்பிலிருந்து பட்டிருப்புப் பாலம் தாண்டி வரவேண்டும். அது வரும் வரை நெருப்பு காத்திருக்குமா? எல்லாரும் சொந்தம் என்று அவர் பொலிசுக்கும் போகவில்லை. நட்டஈடாக ஒரு மூடை நெல்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

அதன் பிறகுதான், கொளுத்துவதற்கு யாரிடம் அனுமதி எடுக்க வேண்டும் என்று அலுவலகம் அலுவலகமாக அலைந்தேன். ஓரிடத்தில் அடுத்த இடத்தைக் காட்டினார்கள், அங்கே மறுபடி முதல் இடத்துக்கே அனுப்பினார்கள். நான்கு நாள் கூலி போயிற்று. ஒன்று மட்டும் தெளிவானது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2017 செப்டெம்பரில் வந்த அதிவிசேட வர்த்தமானி அறிவித்தல், குப்பையையும் எரியக்கூடிய பிற பொருட்களையும் பிளாஸ்டிக்கையும் திறந்த வெளியில் எரிப்பதைத் தடை செய்கிறது. ஒதுக்குக் காட்டில் தீ வைப்பது வனச் சட்டப்படி குற்றம். காட்டோரக் காணிக்காரர் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஆகவே, கொளுத்துபவர்கள் முன்கூட்டியே பதிவதற்கு நான் தொடங்கிய அறிவிப்புப் புத்தகத்தை யாரும் பெர்மிட் என்று எண்ண வேண்டாம். அதில் பதிந்துவிட்டால் சட்டம் விட்டுவிடும் என்பதில்லை. கொளுத்தாமல் விடுவதுதான் நோக்கம். அந்தப் பழக்கம் வரும் வரையில், பக்கத்து வயல்காரருக்குத் தெரியாமல் ஒருவரும் நெருப்பு வைக்கக் கூடாது என்பதற்காகவே புத்தகம். இரண்டு நாள் முன்பே சொல்ல வேண்டும், சுற்றியுள்ள காணிக்காரர் கையொப்பம் இட வேண்டும். நாற்புறமும் இரண்டு சால் உழுது, காற்று எழும்ப முன் காலையில் மட்டும் வைத்து, தண்ணீர் நிரப்பிய மருந்தடிக்கும் டாங்கியோடு அணையும் வரை நிற்க வேண்டும். உரப் பையும் மருந்துப் போத்தலும் நெருப்பில் போகவே கூடாது.

மாசிக் கூட்டத்தில் கை உயர்த்தி ஏற்ற விதி இது. கை உயர்த்தியவர்களிலேயே சிலர் இவ்வாண்டு ஆவணியில் சொல்லாமல் கொளுத்தினார்கள். கேட்கப் போன என்னிடம் ஒரு தம்பி, "என்ட வயல், நான் கொளுத்துறன், உங்களுக்கென்ன?" என்றார். அன்று பின்னேரம் அடுத்த வீட்டுப் பிள்ளை புகையில் மூச்சிழுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனது. மறுபக்கம், பதினொரு பேர் கொளுத்தாமல் வைக்கலைப் பரப்பி, தண்ணீர் விட்டு, முன்கூட்டியே உழுது மடக்கினார்கள். நெற்பயிர் எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கலில்தான் இருக்கிறது. எரித்தால் தழைச்சத்தும் புகையோடு போய்விடும். 2021 இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது சேதனப் பசளைக்கு வைக்கல் தேடி அலைந்ததை இவ்வளவு விரைவில் மறந்துவிட்டோமே என்பதுதான் என் மனவருத்தம்.

கணக்கு விபரம் பொருளாளரிடம் உள்ளது. வரவும் செலவும் ஏறக்குறைய சரி, கையிருப்பு சிறிதளவு. பாதிக்கு மேற்பட்டவர்கள் சந்தா கட்டவில்லை. புத்தகம், போட்டோகொப்பி, பஸ் செலவு எல்லாம் என் கைப்பணம். அதைத் திருப்பிக் கேட்கவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.

கமநல சேவை நிலைய உத்தியோகத்தர்களுக்கும், வயல் வட்டையின் தண்ணீர் அலுவல்களைப் பார்க்கும் வட்டைவிதானை அண்ணனுக்கும், கூட்டத்துக்கு இடம் தந்த ஆலய பரிபாலன சபைக்கும் நன்றி.

தண்ணீர் திறக்கும் திகதி, மாடு அப்புறப்படுத்தும் திகதி போல, வைக்கலுக்கும் ஒரு தீர்மானத்தை அடுத்த போகத்தின் ஆரம்பக் கூட்டத்தில் எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அதற்கு நான் ஒருவன் போய் நின்றால் போதாது, இருபது பேராவது வர வேண்டும். செயலாளர் பதவியில் இது எனக்கு நான்காவது ஆண்டு, உடம்பும் முன்போல் இல்லை. ஆனால் புத்தகத்தை ஏற்று நடத்த ஒருவரும் இல்லையென்றால் விட்டுவிட்டுப் போகவும் மனம் வராது. அதை இன்று மேசையில் வைத்திருக்கிறேன். சந்தா கட்ட வருபவர்கள் அதிலும் தங்கள் பெயரையும் காணியின் எல்லைகளையும் எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்