சோல் இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம், விகன், இங்கிலாந்து: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நாம் சேகரிக்கும் சோல் தட்டுகளுக்கு, அதாவது அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் பழைய இசைத்தட்டுகளுக்கு, தரம் குறிப்பது பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த ஆண்டு நமக்குள் வந்த மனத்தாங்கல்கள் எல்லாமே அதில் தொடங்கியவை.

மார்ச் கூட்டத்துக்கு ஓர் உறுப்பினர் 60களில் டெட்ராய்ட்டில் வெளியான, நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் சிறிய தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அமெரிக்காவிலிருந்து தபாலில் வாங்கியது. விற்றவர் ‘நியர் மின்ட்’ (கிட்டத்தட்டப் புதிது) என்று எழுதியிருந்தார். விளக்கடியில் சாய்த்துப் பார்த்தோம். ஒரு கீறல்கூட இல்லை. ஊசியை வைத்ததும் கடுகு பொரிவதுபோல இரைச்சல்; பாட்டின் முகப்பு முழுக்க அதிலேயே போய்விட்டது. அந்தத் தட்டு வினைலில் செய்ததல்ல, ஸ்டைரீன் என்ற விறைப்பான பிளாஸ்டிக்கில் செய்தது. யாரோ ஒரு டிஜே பாட்டின் தொடக்கத்தைப் பிடிக்க ஊசிக்கடியில் முன்னும் பின்னும் சுழற்றியே தடத்தைத் தேய்த்திருக்கிறார். ஸ்டைரீனில் அந்தத் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். புதியவர்கள் கையில் எடுத்துப் பழக வேண்டும்: ஸ்டைரீன் எடை குறைவு, வளையாது, லேபிள் பிறகு தனியாக ஒட்டியதாக இருக்கும். வினைலில் லேபிள் தட்டோடு சேர்ந்தே அழுந்தியிருக்கும்.

இன்னொரு குழப்பம், அமெரிக்கரின் தரக்குறியும் பிரிட்டனில் நாம் எழுதும் தரக்குறியும் ஒன்றல்ல. அவர்களுடைய ‘வி.ஜி. பிளஸ்’ (வெரி குட் பிளஸ்) ஏறக்குறைய நம் ‘எக்ஸலன்ட்’. கோல்ட்மைன் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் இதழின் கணக்கில் அதற்கு நியர் மின்ட் விலையில் பாதிதான். பணம் கட்டுமுன் எந்தக் கணக்கு என்று கேட்டுவிடுங்கள்.

போலிகளும் குறையவில்லை. டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனம் 1965இல் அச்சிட்டு, வெளியிடாமலே அழித்த பாடகர் ஃபிராங்க் வில்சனின் தட்டில் தப்பிய ஒரு பிரதி 2020இல் 1 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. அப்படி விலை ஏறும் உலகில் போலி அடிப்பவன் சும்மா இருப்பானா? லேபிளை மட்டும் நம்பாமல், அதைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் பொறித்த எண்ணை அசல் பிரதியோடு ஒப்பிடுங்கள்.

ஜூலையில் நம் மூத்த உறுப்பினர் ஒருவரை இழந்தோம். விகன் கசினோ என்ற சோல் நடன அரங்கு (பெயர்தான் கசினோ, சூதாட்ட விடுதி அல்ல) 1973இல் தொடங்கி 1981இல் மூடும்வரை அங்கே நடனம் ஆடியவர். அவர் மனைவி தட்டுப் பெட்டிகளை விலை குறிக்க நம்மிடம் ஒப்படைத்தார். ஒவ்வொன்றையும் முழுதாக ஓடவிட்டுக் கேட்டோம். ஐந்து சனிக்கிழமைகள் பிடித்தன. உறைகளில் அவர் கைப்படப் பென்சில் குறிப்பு: ‘நடுவில் ஒரு சொடுக்கு, பாட்டைக் கெடுக்காது’, ‘தொடக்கம் தேய்ந்தது, யாருக்கும் விற்காதே’. நாங்கள் கேட்டதும் அவர் எழுதியதும் ஒன்றாகவே இருந்தன. ‘விற்காதே’ என்று எழுதியவற்றை விற்பனையில் சேர்க்கவில்லை. அவை வீட்டிலேயே இருக்கின்றன.

அந்தக் குறிப்புகளை முன்மாதிரியாக வைத்துச் செயற்குழு தீர்மானித்தது: உறுப்பினர்களுக்குள் விற்கும் எந்தத் தட்டையும் ஓடவிட்டுக் கேட்டே தரம் எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு படி குறைத்து எழுத வேண்டும். அவருடைய தட்டுகள் அடுத்த மாதக் கூட்டத்தில் விற்பனைக்கு வரும். அரங்கில் இரண்டு பிளேயர்கள் இருக்கும். கேட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம். தொகை முழுவதும் அவர் குடும்பத்துக்கே.

செயலாளர்