நண்பனுக்கு: மார்லோவிலிருந்து கப்பலேறியவர்கள்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனதில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். பேத்திக்குப் பெயர் வைத்ததும் எழுது. என் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது பொடி எழுத்தும் தெரிகிறது. ரெடிங்கில் மகன் வீட்டில் பொழுது போவதே தெரியவில்லை. அதற்குக் காரணம் நீ கேட்ட கேள்விதான்: இங்கிலாந்துக்காரர்கள் ஆறேழு தலைமுறைக்கு முந்தைய தாத்தா பெயரை எப்படிச் சொல்கிறார்கள்?

பக்கத்து வீட்டு அம்மாவின் முன்னோர் ஒருவருடைய தம்பி 1820-இல் தென்னாப்பிரிக்கா போனாராம். அந்த அம்மாவுக்குத் துணையாகப் பதிவேடுகளைத் தேடப் போய் நானும் அதில் இறங்கிவிட்டேன்.

முதலில் தெரிந்துகொண்டது, 1820-க்கு முன் ஏழையைப் பற்றி இங்கே எழுதிவைத்த காகிதம் மிகக் குறைவு. பிறப்பு இறப்பை அரசாங்கம் பதிய ஆரம்பித்ததே 1837 ஜூலையில்தான். 1801-இலேயே மக்கள்தொகை எடுத்தார்கள், ஆனால் தலையை எண்ணியதோடு சரி. ஊர் ஊராகப் பெயர் எழுதி வைத்தது 1841-இலிருந்து. அதற்குள் 1820-இல் கப்பலேறியவர்கள் கடல் கடந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பதில் முக்கியமானது தேவாலயப் பதிவேடு. 1813 முதல் அதற்கு அச்சடித்த படிவம் வந்ததால் ஞானஸ்நானப் பதிவில் தகப்பனின் தொழிலும் சேர்ந்தது. 'கூலி' என்ற ஒரே சொல் பக்கம் பக்கமாக வரும்.

அதே கூலிக்காரன் கப்பலேற மனுப் போட்டதும் காகிதம் குவிகிறது. ஏனென்றால் அரசாங்கப் பணம் உள்ளே வந்துவிட்டது. நெப்போலியன் போர் 1815-இல் முடிந்து சிப்பாய்கள் வீடு திரும்பினார்கள். வேலை இல்லை, ரொட்டி விலை ஏறிக் கிடந்தது. 1819-இல் பாராளுமன்றம், தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயர் வசம் இருந்த கேப் காலனிக்கு ஆள் அனுப்ப 50,000 பவுன் ஒதுக்கியது. சுமார் 80,000 பேர் கேட்டதில் ஏறக்குறைய 4,000 பேருக்குத்தான் இடம் கிடைத்தது. தனியாகப் போக முடியாது. குறைந்தது பத்து ஆண்கள் சேர்ந்த குழுவாக, ஒரு தலைவரின் கீழ் போக வேண்டும். குடும்பத்துக்கு 10 பவுன் முன்பணம் கட்டினால் ஆணுக்கு 100 ஏக்கர் நிலம். பணம் கணக்கு வைக்க வேண்டியதால் யார், என்ன வயது, மனைவி உண்டா, பதினாலு வயதுக்கு மேல் பிள்ளைகள் எத்தனை, கீழே எத்தனை என்று பட்டியல் போட்டார்கள். குழுத் தலைவர்களின் கடிதங்கள் லண்டனில் கியூ ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. நிலம் தருகிறார்கள் என்றதும் தையல்காரரும் தச்சரும்கூடத் தங்களை விவசாயி என்று எழுதிக்கொண்டார்கள். வயிறு சொல்ல வைத்தது, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் விடாமல் தொடர்ந்து படித்தது ஜெரமையா கோல்ட்ஸ்வெயின் என்பவரை. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், தேம்ஸ் கரையில் இருக்கும் மார்லோ ஊர்க்காரர். 1802-இல் பிறந்தவர், தொழில் மரம் அறுப்பது. வெய்ட் என்பவரின் குழுவில், 'சோரோஆஸ்டர்' என்ற கப்பலில் போனார். வசதியுள்ள தலைவர் செலவை ஏற்றுக்கொண்ட இந்த மாதிரிக் குழுக்களில் நிலம் தலைவருக்கு, உழைப்பு ஒப்பந்தக் கூலிகளுக்கு. கோல்ட்ஸ்வெயின் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். ஆனாலும் பிற்காலத்தில் தன் வாழ்க்கையை, காதில் விழுந்தபடியே எழுத்துக் கூட்டி நீளமாக எழுதிவைத்தார். வாய்விட்டுப் படித்தால்தான் பல வரிகள் புரிகின்றன, படிக்கும்போது ஆளே எதிரில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கிறது. தலைவர்களும் அதிகாரிகளும் எழுதியது நிறைய இருக்கிறது, ஒரு கூலியாளே எழுதியது அபூர்வம்.

அந்த ஆண்டுக் குளிரில் தேம்ஸே உறைந்து, சில கப்பல்கள் நகர முடியாமல் நின்றன. முதல் கப்பல் 1820 ஏப்ரலில் அல்கோவா வளைகுடாவை அடைந்தது. துறைமுகம் கிடையாது. அலைக்குள் இறங்கி நின்ற சிப்பாய்கள் பெண்களையும் குழந்தைகளையும் தூக்கிக் கரை சேர்த்தார்கள். அந்தக் கரைக்குத் தற்காலிக ஆளுநர் டான்கின், போர்ட் எலிசபெத் என்று பெயர் வைத்தார். எலிசபெத் அவர் மனைவி, இரண்டு வருடம் முன்பு நம் மீரட்டில் இறந்துபோனவர். அங்கிருந்து மாட்டு வண்டிகளில் ஏற்றி, வெறும் புல்வெளியில் இறக்கிவிட்டுப் போனார்கள். போட்ட கோதுமையைத் துரு நோய் தின்றது. ஒரு வருடமல்ல, வரிசையாக மூன்று அறுவடை. 1823 அக்டோபரில் பெருவெள்ளம் வந்து மண் குடிசைகளைக் கரைத்தது. அதற்குள்ளாகவே பாதிக்கு மேற்பட்ட ஆண்கள் நிலத்தை விட்டு கிரஹாம்ஸ்டவுன் பக்கம் கூலிக்கும் கைத்தொழிலுக்கும் போய்விட்டார்கள்.

ஏன் அந்த இடம் என்பதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன். நீ வருவாய்த் துறையில் முப்பது வருடம் இருந்தவன். சிட்டாவில் ஒருவன் பெயர் இருக்கும், நிலத்தில் இன்னொருவன் உழுதுகொண்டிருப்பான் என்பது உனக்குத் தெரியும். இங்கே அதைவிட மோசம். அது கோசா மக்கள் மாடு மேய்த்த மண். 1811-12-இல் கர்னல் கிரஹாம் படையோடு வந்து சுமார் 20,000 பேரை மீன் ஆற்றுக்கு அப்பால் விரட்டினார். ஊர்ப் பெயரே அவர் பெயர். 1819 ஏப்ரலில் மக்கண்டா என்ற தீர்க்கதரிசியின் தலைமையில் அவர்கள் அந்த ஊரைத் திரும்பத் தாக்கித் தோற்றார்கள். அவரை ராபன் தீவில் அடைத்தார்கள், தப்பிக்கும்போது கடலில் மூழ்கி இறந்தார். அடுத்த வருடமே அந்த எல்லையில் மார்லோக்காரரையும் மற்றவர்களையும் வேலிக்கல் போல நட்டது அரசாங்கம். நூறு ஏக்கர் என்று சொன்னவர்கள் இதைச் சொல்லி அனுப்பவில்லை. 1834 கடைசியில் கோசா மக்களோடு போர் வெடித்தபோது எரிந்தவை இவர்கள் பண்ணைகள். மறுவருடம் கோசா மன்னர் ஹின்ட்சாவை ஆங்கிலேயர் சுட்டுக் கொன்றார்கள்.

கோல்ட்ஸ்வெயினின் எழுத்தில் பயம் தெரிகிறது, இழப்பும் தெரிகிறது. எதிரில் நின்ற கோசாக்காரனுக்கு அந்த மண் என்ன என்பது அதில் தெரிவதில்லை. அதனால்தான் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னேன்: உங்கள் தாத்தாவின் தம்பிக்கு 1820-இல் கதை தொடங்கலாம், அந்த மண்ணுக்கு 1811-இலிருந்தாவது படியுங்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், பிறகு கிரஹாமைப் பற்றித் தானே தேடிப் படித்தார். அந்த ஊரின் பெயர் 2018-இல் மக்கண்டா என்று மாறியதை எனக்குச் சொன்னவரே அவர்தான்.

தேடுபவர்களுக்கு ஒரு பெரிய உதவி, கேப் காலனியின் மரண அறிவிப்புப் படிவம். 1834 முதல் ஒருவர் இறந்தால், அவர் பிறந்த ஊர், பெற்றோர், பிள்ளைகள், கட்டிக்கொடுத்த பெண்களின் கணவர் பெயர் எல்லாம் எழுதித் தர வேண்டும். உன் வாரிசுச் சான்றிதழ் விசாரணை மாதிரிதான். இங்கிலாந்தில் அறுந்த நூல் அங்கே பிடிபடுகிறது.

அப்புறம் ஒரு வேலை வைக்கிறேன். 1849-51-இல் இன்னொரு ஆங்கிலக் கூட்டம் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள நெட்டாலுக்குப் போனது. அங்கே கரும்புத் தோட்டம் வந்தது, ஆள் பற்றாமல் 1860-இல் மெட்ராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் நம்மவர்களைக் கொண்டுபோனார்கள். அந்தக் கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எண், தகப்பன் பெயர், சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை இருக்கிறது. எந்தத் துரையிடம் வேலை என்றும் இருக்கிறது. வடாற்காட்டுக் கிராமங்கள் ஏராளம், எழுதிய குமாஸ்தா கண்டபடி எழுத்துக் கூட்டியிருக்கிறான். ஆற்காடு, வாலாஜா, போளூர் பக்கத்துப் பெயர்களை மட்டும் தனியாக எழுதி அனுப்புகிறேன். பழைய கிராமக் கணக்கு உனக்கு மனப்பாடம் ஆயிற்றே, எது எந்த ஊர் என்று பார்த்துச் சொல். அவசரமில்லை, பேத்தி தூங்கும் நேரத்தில் பார்த்தால் போதும்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்