உன் விமர்சனத்தில் நாடகத்தைக் காணவில்லை

முள்ளியவளை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பின இரண்டு விமர்சனத்தையும் வாசித்தேன். லண்டனில் பார்த்த நாடகம் பற்றியது ஒன்று, சீரியல் பற்றியது மற்றது. "எப்படி இருக்கு, பொய் சொல்லாமல் சொல்லுங்கோ அம்மா" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியில் உனக்கு வேலை வந்துவிடும், இல்லாவிட்டால் லைன் அறும். அதனால் எழுதுகிறேன், ஆறுதலாக வாசி.

மொழி நன்றாக வந்திருக்கிறது. நிறைய வாசித்திருக்கிறாய் என்று தெரிகிறது, அதில் எனக்குச் சந்தோசம். ஆனால் முழுவதையும் வாசித்து முடித்த பிறகும் அந்த நாடகம் என் கண்ணுக்கு வரவில்லை. மேடை எவ்வளவு பெரியது, யார் எந்தப் பக்கம் நின்றார்கள், லைற் எப்போது அணைந்தது, தாயாக நடித்த பெண்ணின் குரல் எப்படிப்பட்டது, சனம் எங்கே சிரித்தது, எங்கே கதிரையில் நெளிந்தது, ஒன்றும் இல்லை. "அதிகாரத்தைக் கேள்விக்குட்படுத்துகிறது" என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறாய். எந்தக் காட்சியில், யார் வாயால், என்ன சொல்லிக் கேட்டது? அதை எழுது. கேள்வியா இல்லையா என்பதை வாசிக்கிறவர்கள் முடிவு செய்வார்கள்.

நாடகம் அன்றிரவே போய்விடுகிற கலை, பிள்ளை. படத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். நாடகத்தை அன்றைக்குப் பார்த்த சனம் கலைந்து போனால் பிறகு யாரோ எழுதி வைத்ததுதான் மிச்சம். இது எங்கள் ஊருக்கு எவ்வளவு பெரிய விசயம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. கோவலன் கூத்து இந்த மண்ணின் கூத்து. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனோடு ஒட்டின கதை, முல்லைமோடி என்று படித்தவர்கள் பேர் வைத்த ஆட்டம். அந்தக் கூத்து ஏடுகளில் எத்தனை 2009 போரில் பெட்டியோடு போயின என்று யாருக்குத் தெரியும்? ஏடாவது பாட்டைத்தான் வைத்திருந்தது. ஆட்டத்தை ஏட்டில் எழுத முடியாதே. கோவலன் வரவுக்கு, கூத்தைப் பழக்கி ஆட்டுவிக்கிற அண்ணாவியார் மத்தளத்தில் என்ன அடித்தார், ஆடினவர் எந்த இடத்தில் சுழன்றார், பிற்பாட்டுக்காரர் எங்கே குரலை இழுத்தார்கள் என்று அந்தக் காலத்தில் பேப்பரில் யாரும் எழுதவில்லை. வந்ததெல்லாம் "இன்னார் தலைமையில் கூத்து நடைபெற்றது, பெருந்திரளான மக்கள் கண்டுகளித்தனர்" என்கிற மாதிரிச் செய்திதான். தலைமை தாங்கினவரின் பேர் இருக்கும், மாதவியாக ஆடினவரின் பேர் இருக்காது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும்.

அதற்காக இங்கே விமர்சகர் இல்லாமல் இருக்கவில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் மடியில் நித்திரையாகிப் போவாய், உனக்கு ஞாபகம் இராது. காத்தவராயன் கூத்து விடியவிடிய நடக்கும். முதற் காத்தான், இடைக் காத்தான், பிற்காத்தான் என்று ஒரே பாத்திரத்துக்குப் பல பேர் மாறி மாறி வருவார்கள். பாயில் முன்வரிசையில் இருந்த கிழவிகள் ஒவ்வொரு காத்தானையும் மற்றவனோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். "இவனுக்குக் குரல் இருக்கு, கால் இல்லை" என்பார்கள். சிந்து நடையில் ஒரு சொல் விட்டுப் போனால் கீழே இருந்து எடுத்துக் கொடுப்பார்கள். கழுமரம் ஏறுகிற பிற்காத்தானுக்கு விடியற்காலையில் குரல் அடைத்துப் போயிருக்கும். அந்த அடைத்த குரலோடு பாடினால்தான் அழுகை வரும் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் அந்த இடத்தில் குறை சொல்ல மாட்டார்கள். எந்தக் குறையை எங்கே சொல்ல வேண்டும், எங்கே சொல்லக் கூடாது என்று தெரிந்திருந்தார்கள். நான் பிறகு நாடகமும் அரங்கியலும் படிப்பித்தபோது பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொன்னேன்.

சுருக்குவது பற்றி நீ எழுதின பந்தியில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கிறது. கூத்தைச் சுருக்கினால் கெட்டுப்போகும் என்கிறாய். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் விடியவிடிய ஆடின மட்டக்களப்புக் கூத்தைச் சில மணித்தியாலத்துக்குள் கொண்டுவந்தார். நாலாபக்கமும் சனம் சுற்றி இருந்து பார்த்த வட்டக்களரியை ஒரு பக்கம் மட்டும் பார்க்கிற மேடைக்கு மாற்றினார். கர்ணன் போர், இராவணேசன் எல்லாம் அப்படி வந்தவைதான். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதை விடலாம் எதை விடக்கூடாது என்று பார்த்துச் செய்தது அது. இராவணனாக ஆடின மௌனகுரு பிறகு அதே நாடகத்தை எடுத்துத் தன் காலத்துக்கு ஏற்றபடி திரும்பச் செய்தார். அது சுருக்கல் என்றாலும் அதற்குள் ஒரு யோசனை ஓடுகிறது. பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான தமிழ்மொழித் தினப் போட்டிக்கென்று கூத்தை வெட்டுகிறோமே, அது வேறு. மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும், வலயத்தில் வென்றால் மாகாணம், மாகாணத்தில் வென்றால் அகில இலங்கை. அதனால் வேகமான ஆட்டங்களை மட்டும் பொறுக்கி ஒட்டுகிறார்கள். மெதுவாக நின்று பாடுகிற இடங்கள்தான் முதலில் போகும், கதையின் கனம் இருப்பதோ அந்த இடங்களில்தான். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எழுதாதே. என்ன வெட்டினார்கள், யாருக்காக வெட்டினார்கள் என்று பார். போட்டியில் ஆடுகிற பிள்ளைகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை, வெயிலில் நின்று பழகுகிறதுகள், பாவம். ஆனால் அவர்களைப் பற்றியும் யாராவது உள்ளபடி எழுத வேண்டும் அல்லவா?

சரி, போர் நாடகங்களுக்கு வருகிறேன். நீ எழுதினதில் எனக்கு மிகவும் சங்கடமாக இருந்த இடம் இதுதான். "மண்டபமே அழுதது" என்று எழுதி அதையே நாடகத்தின் வெற்றி என்று முடித்துவிட்டாய். பங்கர் ஒன்றைக் காட்டி, ஷெல் சத்தத்தைப் பெரிதாகப் போட்டு, பிள்ளையைக் கையில் ஏந்தின தாயை முன்னுக்குக் கொண்டுவந்தால் எங்கள் சனம் அழும். நானும் அழுவேன். எனக்குள் இருப்பது வெளியே வருகிறது, அவ்வளவுதான். அதில் நாடகக்காரர் செய்தது என்ன, எங்கள் வாழ்க்கை செய்தது என்ன என்று பிரித்துச் சொல்லத்தான் விமர்சகர் வேண்டும். 1985-ல் குழந்தை சண்முகலிங்கம் எழுதி சிதம்பரநாதன் நெறிப்படுத்தின மண் சுமந்த மேனியர் யாழ்ப்பாணத்தில் ஊர் ஊராகப் போனது. பார்த்தவர்களோடு கதைத்துப் பார், அழுதோம் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள், வீட்டுக்குப் போன பிறகும் வாக்குவாதப்பட்டோம் என்பார்கள். நீ பார்த்த நாடகம் அப்படி எதையாவது எங்களுக்குள் கிளப்பி விட்டதா, இல்லை அழவைத்து வீட்டுக்கு அனுப்பினதா? இதைக் கேட்கப் பயப்படாதே. "நீ அங்கே இல்லை, உனக்கென்ன தெரியும்" என்று யாராவது சொன்னால், இருந்தவள் என் அம்மா, அவதான் கேட்கச் சொன்னா என்று சொல். இழப்பைப் பற்றிய நாடகம் என்பதற்காகக் குறை சொல்லாமல் விட்டால் அந்த இழப்புக்கு நாம் செய்கிற மரியாதை அது இல்லை. மோசமாகச் செய்த நாடகம் எங்களை இன்னொரு தரம் பாவிக்கிறது, நான் அப்படித்தான் உணர்கிறேன்.

அங்கே லண்டனில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள் என்பதும் எனக்கு விளங்குகிறது. நடித்தவர் மாமா முறை, மண்டபம் பிடித்தவர் உன் சினேகிதியின் அப்பா, ரிக்கற் விற்றது நீயே. அதனால் "அனைவரும் சிறப்பாக நடித்தனர்" என்று எழுதத் தோன்றும். அந்த வசனத்தை நீ எழுதவே கூடாது. யார் எதை நன்றாகச் செய்தார் என்று ஒரு அசைவையாவது சொல்லிப் பாராட்டு. அப்படிப் பாராட்டினால் குறை சொல்லும்போதும் அவர்கள் நம்புவார்கள். அதுதான் நேர்மை, நல்ல உறவும் அதில்தான் நிற்கும்.

இனிச் சீரியல். இங்கே நீ கொஞ்சம் இளக்காரமாக எழுதியிருக்கிறாய், எனக்கு அது பிடிக்கவில்லை. "மூளையை மழுங்கடிக்கும்" என்ற சொல்லைத் தூக்கி எறி. தொண்ணூறுகளில் வன்னியில் கரண்ட் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். குரலை மட்டும் கேட்டே நடிப்பை எடைபோடப் பழகின காது இது. இப்போது டிஷ் வந்துவிட்டது, போன் வந்துவிட்டது. எங்கள் ஒழுங்கையில் பின்னேரம் சமைத்து முடித்துவிட்டு இருந்து பார்க்கிற பெண்களில் பாதிப்பேர் புருசன் இல்லாமல் பிள்ளைகளை வளர்த்தவர்கள். எதிர்நீச்சலில் குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டெம்பரில் டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சு வருத்தம் வந்து செத்துப் போனார் என்ற செய்தி வந்தபோது, இங்கே ஆட்கள் கவலைப்பட்டதை நீ பார்த்திருக்க வேண்டும். அந்தப் பாத்திரம் வீட்டுப் பெண்களை மிதிக்கிற கொடுமைக்காரன். அவனைத் திட்டிக்கொண்டே பார்த்தவர்கள்தான் கவலைப்பட்டார்கள். ஏன் என்று நீ யோசிக்க வேண்டும். அந்த மனிதர் கத்தாமல், சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே பயமுறுத்தினார். அப்படி ஒரு ஆளை எல்லாருக்கும் ஏதோ ஒரு வீட்டில் தெரியும். அவருக்குப் பிறகு வேறொருவர் வந்தபோது எங்கள் பக்கத்து வீட்டு அக்கா முதல் நாளே கண்டுபிடித்தா, "இவர் கோபப்படுறார், மற்றவர் கோபத்தை வைச்சிருந்தார்" என்று. இதைவிட நல்ல நடிப்பு விமர்சனம் எனக்குத் தெரியாது. முடிந்தால் உன் கட்டுரையில் போடு.

சீரியலைக் குறை சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்துகொண்டு சொல். அரை மணித்தியாலத்தில் விளம்பரம் போகக் கொஞ்சம்தான் மிஞ்சும், அதுவும் அநேகமாக நாளாந்தம். வாராவாரம் பார்வையாளர் கணக்கு வரும், அதைப் பார்த்துக் கதை வளையும். ஒரு முகத்தை மூன்று தரம் கிட்டக் காட்டுவதும், இடி இடிப்பதும், கல்யாணம் மாதக்கணக்கில் நடப்பதும் அதனால்தான். அந்த அவசரத்துக்குள்ளும் ஒருவர் நன்றாக நடித்தால், ஒரு வசனம் உண்மையாக விழுந்தால், அதை எடுத்துக் காட்டுவது உன் வேலை. எங்கள் நாட்டுத் தமிழ் நாடகம் தொலைக்காட்சியில் ஏன் இவ்வளவு குறைவு என்பதையும் எழுது. ரூபவாஹினி 1982-ல் தொடங்கினது, இவ்வளவு காலத்தில் எங்கள் பேச்சில் எங்கள் வீட்டைக் காட்டின தொடர்கள் கையில் எண்ணக்கூடியவைதான். வெளியே செய்ததை வாங்கிப் போடுவது மலிவு, இங்கே செய்வது செலவு. அந்தக் கணக்கைச் சொல்லாமல் பார்க்கிற சனத்தின் ரசனையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரப் பார். அதையொட்டி எங்கேயாவது கோவலன் கூத்து ஆடினால் நான் விசாரித்து வைக்கிறேன். ஆட்டத்துக்கு முதல் நாளே போ, பழகுகிறதையும் பார். மத்தளக்காரருக்குப் பக்கத்தில் இரு. ஆடினவர்கள் எல்லாருடைய பேரையும் கேட்டு, அவர்கள் சம்மதித்தால், எழுது, பெண் வேசம் கட்டினவரை விட்டுவிடாதே. எழுதினதைப் போடுவதற்கு முதல் எனக்கு ஒருக்கா அனுப்பு, பாட்டுச் சொற்களைச் சரிபார்த்துத் தருகிறேன். பிழையாக அச்சில் வந்தால் அதையே பிறகு எல்லாரும் பாடுவார்கள்.

அன்புடன்,
அம்மா