தேய்ப்பு வண்டி அண்ணாச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. நெல்லையிலும் தூத்துக்குடியிலும் இருக்கிறவர்களுக்கு அதைச் சொல்லவும் வேண்டியதில்லை. இன்று காலையில்தான் கடைசிக் காகிதம் காய்ந்து கைக்கு வந்தது. மற்ற வேலையெல்லாம் கிடக்கட்டும், முதலில் இதை எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மீனாட்சிபுரத்தில் என் வீட்டில் நனைந்தவை என் காகிதங்கள் அல்ல, உங்களுடையவை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்காக ஓடியவர்கள், குண்டு எறிந்தவர்கள், கபடியும் ஹாக்கியும் கோ-கோவும் ஆடியவர்கள், அவர்களுக்கும் முந்தைய தலைமுறைக்காரர்கள் என்று ஆறு வருடமாக ஊர் ஊராகப் போய் வாங்கிவந்த சான்றிதழ்களும் போட்டோக்களும். "பத்திரமா வச்சுக்கோ தாயி" என்று சொல்லித்தான் ஒவ்வொருவரும் கொடுத்தார்கள். அந்தத் திங்கட்கிழமை மூன்று இரும்புப் பெட்டியும் தண்ணீருக்குள் இருந்தபோது என் காதில் அந்த வார்த்தைதான் கேட்டுக்கொண்டிருந்தது.

கடற்கரை ஊரிலிருந்து படகோடு வந்து எங்கள் தெருவையே வெளியே கொண்டுவந்த மீனவத் தம்பிகள், பாளையங்கோட்டையில் ஐந்து நாள் எனக்கும் அம்மாவுக்கும் இடம் கொடுத்த தோழி, பெட்டிகளைத் தலையில் சுமந்து மாடி ஏற்றிய என் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சேறு அள்ளிய தூய்மைப் பணியாளர்கள், "போனால் போகட்டும் டீச்சர், நீங்கள் நல்லா இருக்கீங்கள்ல" என்று போனில் கேட்ட சான்றிதழ்க்காரர்கள், எல்லோருக்கும் என் நன்றி. உங்களை ஒரே பத்தியில் அடக்கியதற்குக் கோபிக்க மாட்டீர்கள். அண்ணாச்சியைப் பற்றிக் கொஞ்சம் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருமுனை வேப்பமரத்தடியில் அவருடைய தேய்ப்பு வண்டி நிற்கும். பன்னிரண்டு வருடப் பழக்கம்தான், ஆனால் பேச்சு "நாளைக்குக் கிடைக்குமா அண்ணாச்சி" என்பதைத் தாண்டியதில்லை. வெள்ளம் அவர் வண்டியையும் இரண்டு தெரு தள்ளிக் கொண்டுபோய்க் கவிழ்த்திருந்தது. கரி மூட்டை ஊறிப் போய்விட்டது. வாடிக்கைத் துணிகள் பாதி சேற்றில். வெயில் வந்த அன்று நான் மொட்டை மாடியில் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பரப்பிக்கொண்டிருந்ததைக் கீழே இருந்து பார்த்தவர் ஏறி வந்துவிட்டார்.

"வெயில்ல போட்டா முறுக்கிக்கிடும் டீச்சர். மையும் வெளுத்துரும். எங்கிட்ட கொடுங்க, நான் பாத்துக்கிடுதேன்."

எனக்குத் தயக்கம்தான். சூட்டுப் பெட்டி, ஊறிய காகிதம். அது அவருக்கும் புரிந்தது. சுவரில் ஒட்டிக் கிடந்த பழைய காலண்டர் தாளை உரித்துக் கொண்டுபோய், அதில் செய்து காட்டிவிட்டுத்தான் என் பெட்டியைத் தொட்டார். வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து விரித்தார், அதன்மேல் காகிதம், அதன்மேல் இன்னொரு துணி. தேய்ப்புப் பெட்டியை நகர்த்தவே இல்லை. வைத்தார், எடுத்தார், வைத்தார், எடுத்தார். "இதத் தேய்க்கக் கூடாது, ஒத்தணும்" என்றார். பிள்ளைக்கு ஒத்தடம் கொடுப்பதுபோல இருந்தது பார்க்க.

அந்த வாரத்தில் காய்ந்த கரி எங்கே கிடைத்தது? அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினி, தன் அம்மா வீட்டிலிருந்து சிரட்டை கட்டிக்கொண்டு வந்து சுட்டுக் கரியாக்கியிருக்கிறார். இருந்த கொஞ்சத்தையும் நான்கு நாள் இந்தக் காகிதங்களுக்கே செலவழித்துவிட்டு, அப்புறம்தான் அண்ணாச்சி துணிக்குப் போனார். அந்த நான்கு நாள் கூலி போனதுதான். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "துணிக்குத்தான் டீச்சர் ரேட்டு இருக்கு, காயிதத்துக்கு ஏது" என்றார்.

இரண்டாம் நாள் அவர் கேட்டார்: "ஏன் டீச்சர், எல்லாம் நம்ம ஊரு காலேஜுதான். மேல மட்டும் ஒவ்வொண்ணுலயும் வேற வேற பேரு போட்டிருக்கே?"

இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி இது. அவர் வேலையை நிறுத்தாமலேயே கேட்டுக்கொண்டிருந்தார், நான் சொன்னேன். 1964-ல் கபடி ஆடிய பாளையங்கோட்டைக்காரர் சான்றிதழில் சென்னைப் பல்கலைக்கழகம். 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தபின் அதே கல்லூரிப் பையன்களுக்கு மதுரை முத்திரை. 1978-ல் அது மதுரை காமராசர் என்றானது. 1990 செப்டம்பர் 7-ல் நமக்கென்று ஒன்று பிறந்தது. தமிழ்த்தாய் வாழ்த்தைத் தந்த சுந்தரம் பிள்ளையின் பெயரில், அபிஷேகப்பட்டியில், தென்கோடி மாவட்டங்கள் மூன்றுக்கும் சேர்த்து. நாகர்கோவில் பெரியவர் ஒருவருடைய காகிதத்தில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் என்றே இருக்கிறது. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் கன்னியாகுமரி அந்தப் பக்கம்தானே.

பெயர் மாறியதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். என் வாழ்க்கையே அதில்தான் இருக்கிறது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஜெயித்தால் மட்டும் போதாது. பல்கலைக்கழக செலக்‌ஷனுக்குப் போக வேண்டும், கேம்பில் தங்க வேண்டும், அப்புறம்தான் மற்றப் பல்கலைக்கழகங்களோடு மோதுவது. சென்னை காலத்தில் நம் ஊர்ப் பையன் அதற்கு ராத்திரி முழுக்க ரயிலில் போனான். மதுரை காலத்தில் அரை நாள் பஸ். பெண் பிள்ளையை யார் அப்படி அனுப்புவார்கள்? நான் 1991-ல் கல்லூரியில் சேர்ந்தேன். "சாயங்கால பஸ்ஸுக்கு வந்துடுவேன்" என்று வீட்டில் சொல்ல முடிந்தது. அந்த ஒரு வாக்கியத்தால்தான் நான் ஓடினேன். பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருப்பது என்றால் எனக்கு அதுதான் அர்த்தம்.

1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியின் மணத்தி கணேசனையோ, 2022 ஆசியக் கோப்பை ஹாக்கியில் இந்தியாவுக்கு ஆடிய கோவில்பட்டி மாரீஸ்வரனையோ யாரும் மறக்கப்போவதில்லை. எனக்குக் கவலை மற்றவர்களைப் பற்றி. ஆண்களுடைய சான்றிதழாவது ரயில்வே, போலீஸ் வேலைக்குக் காட்டவேண்டி பெட்டியில் இருக்கும். பெண்களுடையது கல்யாணத்தோடு பிறந்த வீட்டுப் பரணுக்குப் போய்விடும். வீடு இடிக்கும்போது பழைய பேப்பர்காரரிடம் போய்விடும். நான் தேடிப் போன எத்தனையோ வீடுகளில், அந்த அம்மா ஒரு காலத்தில் ஓடினார் என்பதே பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

மொத்தம் 311 தாள்கள் பிழைத்தன. பேனா மையில் எழுதியவை கலங்கிவிட்டன, பால்பாயிண்ட் நின்றிருக்கிறது. முத்திரைகள் ஊதா நிறத்தில் பரவிப் பூப்போலக் கிடக்கின்றன. ஆனாலும் பெயர் படிக்க முடிகிறது. இனி ஒரே வீட்டில் எல்லாவற்றையும் வைத்திருக்க மாட்டேன். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரு பிரதியைப் பல்கலைக்கழக நூலகத்தில் கொடுப்பேன். அசலை ஜூன் மாதத்துக்குள் அவரவர் வாசலுக்கு நானே கொண்டுவந்து தருவேன். தபாலில் அனுப்ப மாட்டேன். இது உங்கள் எல்லோர் முன்னாலும் நான் கொடுக்கும் வாக்கு.

போட்டோக்கள்தான் நிறையப் போய்விட்டன. ஒட்டிக்கொண்டவற்றை நல்ல தண்ணீரில் மிதக்கவிட்டுப் பிரித்து, அண்ணாச்சியின் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டோம். அதில் ஒன்றை அவர் தனியே எடுத்துவைத்திருந்தார். எங்கள் 4x400 தொடர் ஓட்ட அணி. "மொகம் போயிட்டு டீச்சர், கால் எல்லாம் இருக்கு" என்று மெதுவாகச் சொல்லி நீட்டினார். மேல்பாதி வெறும் மஞ்சளாக இருந்தது. கீழே எட்டுக் கால்கள். ஆறு வெறுங்கால், இரண்டு கால்களில் கடன் வாங்கிய ஸ்பைக்ஸ் ஷூ. பார்த்ததும் யார் யாருடையவை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மற்ற மூன்று பேரில் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டில் அந்தப் படம் இருக்கிறதா என்று பரணில் கொஞ்சம் பாருங்கள். அண்ணாச்சி நம் முகத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார்.