இறங்கலாம், வெளியே போக முடியாது

கவாசாகி
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். சர்க்கரையைத் தவிர மற்றபடி நீயும் நலமாகத்தான் இருப்பாய். பிரபா கொடுத்தனுப்பிய ஊறுகாய் பாட்டில் உடையாமல் வந்தது. வாசம் மட்டும் அப்பாவின் வேட்டிகளில் ஏறிவிட்டது. அவளிடம் சொல்லிவிடாதே.

அப்பா விஷயமாகத்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் அடுத்த அறையில் அவருக்குக் கேட்டுவிடும். அவர் காது மந்தமெல்லாம் எப்போது மந்தம் என்று உனக்குத் தெரியாததா?

வந்ததிலிருந்து மனிதருக்கு எதுவும் பிடிக்கவில்லை. ஃபூஜி மலைக்குக் கூட்டிப்போனேன். "மேகம்தான் தெரியுது" என்றார். அசாகுசா கோயிலில், "இங்கேயும் வாசல் பூரா கடையா?" ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் ஏற்றினால் மயங்கிவிடுவார் என்று நினைத்தேன். ரயில்வேயில் ஆயுசைக் கழித்த ஆள் இல்லையா! "ஜன்னலைத் திறக்க முடியாத வண்டி என்ன வண்டி" என்று கண்ணை மூடித் தூங்கிவிட்டார். டிக்கெட் விலையைச் சொன்னால் நீ அழுவாய்.

கடைசியில் இன்று உமி-ஷிபவுராவுக்குக் கூட்டிப்போனேன். சுற்றுலாக்காரர்கள் பட்டியலில் அதிகம் அடிபடாத பெயர். யோகோஹாமாவுக்கும் கவாசாகிக்கும் நடுவே, கடலைத் தூர்த்து உண்டாக்கிய ஆலைப் பகுதிக்குள் சுருமி லைன் என்று மூன்று பெட்டி வண்டி ஒன்று ஓடுகிறது. 1926-ல் சரக்குக்காகப் போட்ட தனியார் பாதை. 1930-ல் ஆள் ஏற்ற ஆரம்பித்தார்கள், 1943-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மெயின் லைன் ஏழே கிலோமீட்டர், அதில் இரண்டு கிளை. வாரநாளில் காலையிலும் மாலையிலும் ஆலைத் தொழிலாளர்கள் நெருக்கியடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் இன்று எங்கள் பெட்டியில் நாங்கள்தான்.

சுருமி ஸ்டேஷனில் ஏறினோம். அடுத்த ஸ்டேஷன் கொகுதோவிலேயே இறங்கவேண்டும் என்றார். மேலே பிளாட்பாரம், கீழே இருட்டு வளைவு, 1930-ல் கட்டினபடியே நிற்கிறது. வெளிச்சுவரில் போர்க்கால விமானத் துப்பாக்கியின் குண்டுத் தடங்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடுத்த வண்டி வரும்வரை அங்கேயே நின்றோம்.

பிறகு ஸ்டேஷன் பெயர்கள். கடலைத் தூர்த்த சிமென்ட் முதலாளி அசானோ சோய்ச்சிரோ பெயரில் அசானோ. பணம் போட்ட வங்கிக்காரர் யசுதா சென்ஜிரோ பெயரைச் சுருக்கி அன்சென். காகித ஆலை முதலாளி ஓகவா பெயரில் ஓகவா. "நம்மூரா இருந்தா ஆட்சி மாறும்போதெல்லாம் போர்டும் மாறியிருக்கும்" என்றார். வந்து இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நக்கல். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அசானோவில் கிளை பிரிந்து 1.7 கிலோமீட்டர் போனால் உமி-ஷிபவுரா, 1940-ல் திறந்தது. ஒற்றைத் தண்டவாளம், ஒற்றைப் பிளாட்பாரம். பிளாட்பாரத்தின் மறுபக்கம் ஒரு கம்பித் தடுப்பு, அதற்குக் கீழே நேராகத் தண்ணீர். குனிந்தால் சொறிமீன் மிதக்கிறது. கால்வாய்க்கு அப்பால் சுருமி த்சுபாசா பாலம். எல்லாம் சரி, ஸ்டேஷனை விட்டு வெளியேதான் போக முடியாது. ஒரே வாசல், அது தோஷிபா ஆலையின் வாசல். ஆலை அடையாள அட்டை இல்லாதவன் வந்த வண்டியிலேயே திரும்ப வேண்டியதுதான். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் பாவம் என்று 1995-ல் அந்த நிறுவனமே தன் இடத்தில் ஒரு ஓரத்தை ஒதுக்கிச் சின்னப் பூங்கா போட்டுக் கொடுத்திருக்கிறது.

அப்பா சும்மா இருப்பாரா? நேராகக் காவலரிடம் போய், "ஸ்டேஷன் மாஸ்டர், ரிடையர்டு, இந்தியா" என்றார். என்னை மொழிபெயர்க்கச் சொன்னார், சொன்னேன். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி இடுப்புவரை குனிந்து வணங்கினார். ஆனால் உள்ளே விடவில்லை. "ட்யூட்டின்னா இப்படித்தான் இருக்கணும்" என்று அப்பாவுக்கு ஏகப்பட்ட திருப்தி. உன்னைத் திருவாரூரில் டிக்கெட் இல்லாமல் பிடித்த கதையை மறுபடி முழுதாகச் சொன்னார். நீ அழுததாகவும் சேர்த்துக்கொண்டார்.

பகலில் அந்தக் கிளையில் ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டும். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். "மாஸ்டர் ரூம் எங்கேடா?" என்றார். இல்லை, சுருமியைத் தவிர இந்த லைனில் எந்த ஸ்டேஷனிலும் ஆள் கிடையாது என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. வண்டி நிமிஷம் பிசகாமல் வந்து நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஆள் இல்லாட்டியும் வருது" என்றார். பாராட்டா வருத்தமா, தெரியவில்லை.

சேகர், விசாவை நீட்டித்து இங்கேயே இருங்கள் என்று சொல்லத்தான் அவரை அங்கே கூட்டிப்போனேன். நல்ல மனநிலையில் இருக்கும்போது கேட்கலாம் என்று கணக்கு. நான் வாயைத் திறக்குமுன் அவரே, "நான் அங்கே இருந்தாத்தான்டா அது வீடு. பூட்டிப் போட்டா உங்க அம்மா போட்டோவுக்கு விளக்கு யாரு ஏத்துவா?" என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது? அம்மா போனபிறகு அவர் ராத்திரியில் சாப்பிடுகிறாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. கேட்டால் "ஆச்சு" என்பார்.

வியாழக்கிழமை புறப்படுகிறார். வாரத்தில் ஓரிரு நாள் சாயங்காலமாக எட்டிப் பார். பார்க்க வந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, சீட்டாட வந்தேன் என்று சொல். தோற்றும் போ, உனக்கு அது கஷ்டமில்லை.

இன்னொன்று. கொல்லைப்புறக் குளியலறையில் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும், தரைக்கு வழுக்காத டைல்ஸ். அவர் வருவதற்குள் கொத்தனாரை வைத்து முடித்துவிடு, பணம் நாளைக்கு உன் கணக்குக்கு வரும். எதற்கு இதெல்லாம் என்று கண்டிப்பாகக் கத்துவார். முனிசிபாலிட்டி ஆர்டர் என்று சொல்லிவிடு. ஆர்டர் என்றால் மனிதர் அதற்குமேல் பேசமாட்டார்.

உன்,
ரவி